திதிச் சாப்பாடா, படிப்புக் கட்டணமா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த சந்தேகம் திண்டுக்கல்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க. "அப்பா திதிக்கு வருஷா வருஷம் முதியோர் இல்லத்துல சாப்பாடு போடுறோம். இந்த வருஷம் அந்தப் பணத்தை முதியோர் பராமரிப்பு படிக்கிற ஒரு பொண்ணுக்கு ஃபீஸா கட்டலாம்னு என் மக சொல்றா. அது பெரியவங்களுக்குச் செஞ்சதா ஆகுமா?"

ஆகும்மா. தாராளமா ஆகும். சாப்பாடு போடுறதை நான் குறைச்சுச் சொல்லல. ஆனா நான் பார்த்த இல்லங்கள்ல பிறந்தநாள், திதி, கல்யாண நாள்னு சாப்பாட்டுக்கு ஆள் வந்துடுறாங்க. ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருத்தரைப் புரட்டிப் படுக்க வைக்கத் தெரிஞ்ச ஆள்தான் இல்ல.

எங்க பெரியம்மாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துடுச்சு. பார்த்துக்க வந்தவங்க ரொம்ப நல்ல மனசுக்காரங்க. தாகம்னு கேட்டா, படுத்த வாக்குலயே டம்ளர்ல தண்ணி ஊத்துவாங்க. ஒவ்வொரு தடவையும் இருமல். அந்தத் தண்ணி நுரையீரலுக்குப் போகுதுன்னு எங்க யாருக்குமே தெரியல. நிமோனியா வந்து ஆஸ்பத்திரியில சேர்த்தோம். திரும்பி வந்தப்புறம், முதியோர் வார்டுல வேலை பார்த்த ஒரு நர்ஸ் பொண்ணு வந்துச்சு. முதுகுக்குத் தலையணை கொடுத்து நிமிர்த்தி உட்கார வச்சுது. தாடையை நெஞ்சுப் பக்கம் கொஞ்சம் தாழ்த்தச் சொல்லி, ஸ்பூன்ல ஒவ்வொரு வாயா கொடுத்து, முழுங்கிட்டாங்களான்னு தொண்டையைப் பார்த்துட்டுத்தான் அடுத்த வாய். இருமலே இல்ல. பாசம் எங்ககிட்டயும் இருந்துச்சும்மா, படிப்பு அந்தப் பொண்ணுகிட்டதான் இருந்துச்சு.

2011 சென்சஸ்லயே நம்ம நாட்டுல அறுபது தாண்டினவங்க பத்துக் கோடிக்கு மேல. முதியோர் மருத்துவத்துல எம்.டி. படிப்பை இந்தியாவுலயே முதல்ல 1996-ல கொண்டுவந்தது நம்ம மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். அந்தத் துறைக்கு நாட்டோட முதல் பேராசிரியர் டாக்டர் வி.எஸ். நடராஜன். கிண்டியில முதியோருக்குன்னே தேசிய மையம் 2024-ல திறந்தாச்சு. எம்.டி. படிக்கிற டாக்டர்களுக்கு உதவித்தொகை வருது. அதனால நம்ம பணம் நர்சிங் பக்கம் போறது நல்லது.

இப்படிப் படிப்புக்குக் கொடுக்கிறது புதுசு இல்லம்மா. அமெரிக்காவுல ஏ அண்ட் பி-ன்னு ஒரு பெரிய மளிகைக் கடைக் குடும்பம். அவங்க 1929-ல ஆரம்பிச்ச ஜான் ஏ. ஹார்ட்ஃபோர்ட் அறக்கட்டளை, எண்பதுகள்ல இருந்து முதியோர் விஷயத்துக்குன்னே செலவு பண்ணுது. 1996-ல நியூயார்க் பல்கலைக்கழகத்துல முதியோர் நர்சிங்குக்குன்னு ஒரு நிறுவனத்தையே உருவாக்கினாங்க. சொல்லிக்கொடுக்கிற ஆசிரியர்களை வளர்க்கவும் பணம் கொடுத்தாங்க. வாத்தியாரே இல்லாத பாடத்துக்கு மாணவி எங்க இருந்து வருவா?

இப்போ எப்படிக் கொடுக்கிறதுன்னு பார்ப்போம். பி.எஸ்சி. நர்சிங் நாலு வருஷம். முதல் வருஷம் ஃபீஸ் கட்டப் பலர் வருவாங்க, மூணாவது வருஷம்தான் பிள்ளைங்க தடுமாறும். அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுன்னா புதுமைப்பெண் திட்டத்துல மாசம் 1,000 ரூபாய் வரும், ஆனா ஹாஸ்டல், மெஸ், யூனிஃபார்ம் எல்லாத்துக்கும் அது பத்தாது. அதனால குறைஞ்ச தொகையா இருந்தாலும் நாலு வருஷமும் கொடுங்க. காலேஜ் கணக்குல, அந்தப் பொண்ணு பேர்ல கட்டி ரசீது வாங்கிக்கோங்க. நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருக்கான்னு முதல்லயே விசாரிச்சுடுங்க.

இன்னொரு வழியும் இருக்கு. ஏற்கெனவே நர்ஸா இருக்கிறவங்களுக்கு முதியோர் நர்சிங்ல ஒரு வருஷ டிப்ளமோ உண்டு. அதுக்கு வேலையை விட்டுட்டு வரணும்னா சம்பளம் நின்னுடும், வீட்டுல சோறு வேகணும்ல? அந்த ஒரு வருஷம் அந்தக் குடும்பத்தைத் தாங்கினீங்கன்னா, அது பெரிய உதவி.

ஒண்ணே ஒண்ணு, படிச்சு முடிச்சதும் எங்க வீட்டுக்கு வந்து பார்த்துக்கணும்னு நிபந்தனை மட்டும் போடாதீங்க.

திதி அன்னைக்கு மனசு கேக்கலைன்னா, நாலு பேருக்கு இலை போடுங்க. மீதியை உங்க மக சொன்ன மாதிரியே கட்டிடுங்கம்மா.