சிப்ரியானிடம் ஓங்கி நின்றது கருணையே!

நடுவர் அவர்களே, மேடையில் இருக்கும் அருட்தந்தையர்களே, எதிரணி நண்பர்களே, மணி ஒன்பதைத் தாண்டியும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

"கார்த்தேஜ் ஆயர் புனித சிப்ரியானிடம் ஓங்கி நின்றது கண்டிப்பா, கருணையா?" இதுதான் தலைப்பு. கார்த்தேஜ் என்பது வட ஆப்பிரிக்காவில் இருந்த ரோமப் பேரரசு நகரம், மூன்றாம் நூற்றாண்டில் அங்கே ஆயராக இருந்தவர் சிப்ரியான். கண்டிப்புதான் என்று மேசையைத் தட்டிவிட்டுப் போயிருக்கிறார் எதிரணித் தலைவர். ரோம அரசின் துன்புறுத்தலுக்குப் பயந்து விசுவாசத்தில் தடுக்கி விழுந்தவர்களை உடனே சேர்த்துக்கொள்ளாமல் இழுத்தடித்தார், திருஅவைக்கு வெளியே மீட்பே இல்லை என்று எழுதினார், அதற்கும் மேலாக, ஆபத்து வந்தபோது ஓடி ஒளிந்துகொண்ட மனிதருக்கு மற்றவர்களை விசாரிக்க என்ன தகுதி என்று கேட்டார். கைதட்டலும் பலமாக விழுந்தது. சரி, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். கி.பி. 249இல் டெசியஸ் ரோமப் பேரரசன் ஆகிறான். பேரரசில் உள்ள எல்லோரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும், பலியிட்டதற்கு அதிகாரிகளிடம் சான்றிதழ் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை போடுகிறான். அந்தச் சான்றிதழ்களில் 40க்கும் மேற்பட்டவை எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகவே கிடைத்திருக்கின்றன. நம்ம ஊர் விஏஓ அலுவலகத்துக் காகிதம் மாதிரியேதான் இருக்கும். பெயர், தகப்பன் பெயர், ஊர், அப்புறம் "நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்தவன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பானம் ஊற்றினேன், பலியிட்டேன், பலிப்பொருளைச் சுவைத்தேன், சான்றளிக்க வேண்டுகிறேன்" என்று ஒரு விண்ணப்பம், அதற்குக் கீழே "பார்த்தோம்" என்று சாட்சிக் கையெழுத்து.

கார்த்தேஜில் என்ன ஆயிற்று? யாரும் கையைப் பிடித்து இழுப்பதற்கு முன்பே சனம் தானாக ஓடியது. பொழுது சாய்ந்துவிட்டது, நாளைக்கு வாருங்கள் என்று அதிகாரிகள் சொல்ல, இன்றைக்கே முடித்துக்கொடுங்கள் என்று இவர்கள் கெஞ்சியிருக்கிறார்கள். இதை எழுதி வைத்தவர் சிப்ரியானே. இன்னும் சிலர் பலியிடவில்லை, காசு கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். லஞ்சம் அன்றைக்கும் இருந்திருக்கிறது, நடுவர் அவர்களே!

ஆபத்து கொஞ்சம் தணிந்ததும் இவர்கள் எல்லோரும் திரும்பி வந்து நற்கருணை கேட்டார்கள். சிறையில் வதைபட்டும் அசையாமல் நின்றவர்களுக்கு அன்றைய சமூகத்தில் பெரிய மதிப்பு. அவர்கள் பரிந்துரைக் கடிதம் எழுதித் தரத் தொடங்கினார்கள். எப்படிப்பட்ட கடிதம்? "இன்னாரை, அவரைச் சேர்ந்தவர்களோடு ஏற்றுக்கொள்க." அவ்வளவுதான்! சேர்ந்தவர்கள் என்றால் யார்? சொந்தக்காரர்கள், வீட்டு ஊழியர்கள் என்று சொல்லிக்கொண்டு இருபது பேர், முப்பது பேர் வந்து நிற்பார்களே என்று சிப்ரியான் கேட்டார். உங்களுக்கு நேரில் தெரிந்தவர்களை, மனம் வருந்தித் தவமுயற்சியை ஏறக்குறைய முடித்துவிட்டவர்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள் என்றுதான் அவர்களிடம் கேட்டுக்கொண்டார். இதற்குள் லூசியானுஸ் என்ற ஒரு கைதி, இறந்துபோன இன்னொரு மறைச்சாட்சியின் பெயரைச் சொல்லி, எல்லோருக்கும் சமாதானம், அதாவது திருஅவையோடு ஒப்புரவு, கொடுத்துவிட்டோம் என்று மொத்தமாகவே எழுதி அனுப்பிவிட்டார்.

இதை வேண்டாம் என்று சொன்னதைத்தான் எதிரணி கண்டிப்பு என்கிறது. நான் கேட்கிறேன், காசு கொடுத்துக் காகிதம் வாங்கியவனும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு பலிபீடத்துக்கு ஓடியவனும், சித்திரவதை தாங்காமல் கடைசி நிமிடத்தில் உடைந்துபோனவனும் ஒன்றா? ஒவ்வொருவர் கதையையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும் என்றவர் கல்நெஞ்சக்காரரா, யாருடைய கதையையும் கேட்காமல் மொத்தமாக மன்னித்தவர் கருணையுள்ளவரா? சிப்ரியான் மூடியது பின்கதவைத்தான்.

அதே 250இல், மறைவிடத்திலிருந்தே அவர் எழுதிய இன்னொரு கடிதத்தை எதிரணி ஏனோ தொடவில்லை. அந்தப் பரிந்துரைக் கடிதம் பெற்றவர்களில் யாருக்காவது நோய் முற்றி உயிர் போகும் நிலை வந்தால் நான் வரும்வரை காத்திருக்க வேண்டாம், பக்கத்தில் எந்தக் குரு இருந்தாலும் அவரிடம் பாவ அறிக்கை செய்யட்டும், குரு இல்லையா, திருத்தொண்டர் போதும், கை வைத்துச் சமாதானத்தோடு அனுப்புங்கள் என்கிறார். இழுத்தடிக்கிறவர் எழுதுகிற கடிதமா இது?

251இல் ஊர் திரும்பி ஆயர்களைக் கூட்டினார். சான்றிதழ் மட்டும் வாங்கியவர்களை ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்துக்கொள்ளலாம், பலியிட்டவர்களுக்கு மரண வேளையில் சமாதானம் என்று முடிவானது. பலியிட்டவர்கள் விஷயத்தில் அது கடினமான முடிவுதான், மறைக்கவில்லை. ஆனால் அங்கேயே நின்றுவிட்டாரா? கொஞ்ச காலத்தில் டெசியஸுக்குப் பின் வந்த பேரரசன் கால்லுஸ் ஆட்சியில் புதிதாகத் துன்புறுத்தல் வரும்போல் இருந்தது. உடனே சிப்ரியானும் சேர்த்து 42 ஆயர்கள் கூடி, தவத்தில் இருக்கிற எல்லோரையும் சேர்த்துக்கொள்கிறோம் என்று ரோமுக்கு எழுதினார்கள். கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்து என்று சொல்லிவிட்டு, கிறிஸ்துவின் இரத்தத்தை அவனுக்குக் கொடுக்க மறுப்பது எப்படி என்பது அவர்கள் கேட்ட கேள்வி. நானாக இருந்தால் இந்த ஒரு கடிதத்தை நீட்டிவிட்டு உட்கார்ந்திருப்பேன்!

உண்மையான கண்டிப்பைப் பார்க்க வேண்டுமானால் ரோமில் நொவாசியானைப் பாருங்கள். விழுந்தவனுக்குச் சாகும்போதும் திருஅவை சமாதானம் தரக்கூடாது என்று பிரிந்துபோய்த் தனி ஆயரானவர் அவர். கார்த்தேஜில் எல்லோரையும் சும்மா விடு என்று ஒரு கூட்டம் தனி ஆயரை வைத்துக்கொண்டது, யாரையும் விடாதே என்று நொவாசியான் கூட்டம் இன்னொரு ஆயரை வைத்தது. ஒரே ஊரில் மூன்று ஆயர்கள்! இந்தக் குழப்பத்தில்தான் திருஅவையைத் தாயாகக் கொள்ளாதவன் கடவுளைத் தந்தையாகக் கொள்ள முடியாது என்று எழுதினார். தையலே இல்லாத இயேசுவின் அங்கியைப் படைவீரர்கள்கூடக் கிழிக்கவில்லையே, நீங்கள் கிழிக்கிறீர்களே என்ற வேதனை அது. வெளியே மீட்பு இல்லை என்ற வரியும், பிரிந்த குழுக்கள் கொடுக்கும் திருமுழுக்கு செல்லுமா என்ற வாதத்தில் வந்தது. உள்ளே தவிக்கிறவனை வெளியே தள்ள அவர் அதை எழுதவில்லை.

ஓடி ஒளிந்தார் என்றீர்களே, ஒளிந்திருந்தவர் சும்மா இருந்தாரா? அந்த நாட்களில் எழுதிய 13 கடிதங்களின் நகல்களை ரோமுக்கே அனுப்பி, என் வேலையைப் பாருங்கள் என்று கணக்குக் காட்டினார். 258இல் அவரைத் தண்டிக்கப் பக்கத்து நகரான ஊத்திக்காவுக்குக் கூட்டிப்போக அரசு ஆள் வந்தபோது மறுபடியும் மறைந்தார், உண்மைதான். எதற்காக? ஓர் ஆயர் தன் ஊரில், தன் மக்கள் நடுவில்தான் சாட்சி சொல்ல வேண்டும் என்பதற்காக. கார்த்தேஜுக்குத் திரும்பி வந்து செப்டம்பர் 14 அன்று தலை கொடுத்தார், வெட்ட வந்தவனுக்கு 25 பொற்காசுகள் கொடுக்கச் சொல்லிவிட்டு.

கொள்ளைநோய் வந்தபோது எதிரிகளுக்கும் பணிவிடை செய்யுங்கள் என்றதையும், பக்கத்துப் பகுதியான நூமிதியாவில் கடத்தப்பட்டவர்களை மீட்க 1,00,000 செஸ்டர்ஸ் என்ற ரோம நாணயங்கள் திரட்டி அனுப்பி, மறுபடி இப்படி நடந்தால் தயங்காமல் எழுதுங்கள் என்றதையும் விரித்துச் சொல்ல நேரமில்லை. நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.

கடைசியாக ஒன்று. பிரிந்த குழுக்களில் திருமுழுக்குப் பெற்று வருகிறவர்களுக்கு மறுபடி திருமுழுக்குக் கொடுக்க வேண்டுமா என்ற விஷயத்தில் ரோம ஆயர் ஸ்தேவானோடு சிப்ரியானுக்குக் கடும் சண்டை. பின்னாளில் மேற்குத் திருஅவை ஸ்தேவான் பக்கமே சாய்ந்தது, அது வேறு கதை. ஆனால் 256 செப்டம்பர் 1 அன்று 87 ஆயர்கள் கூடிய அவையை அவர் எப்படித் தொடங்கினார் தெரியுமா? ஒவ்வொருவரும் மனதில் பட்டதைச் சொல்லுங்கள், மாறாக நினைக்கிறவரை நாங்கள் தீர்ப்பிட மாட்டோம், உறவிலிருந்து நீக்கவும் மாட்டோம், இங்கே யாரும் ஆயர்களுக்கெல்லாம் ஆயர் என்று தன்னை ஆக்கிக்கொள்ளவில்லை என்று. அடுத்து வரும் எதிரணி நண்பரே, இப்படி வாய் திறந்த மனிதரை எந்தக் கணக்கில் கண்டிப்புக்காரர் என்கிறீர்கள்? அதற்குப் பதில் சொல்லிவிட்டு உங்கள் உரையைத் தொடங்குங்கள். நன்றி, வணக்கம்.