எடிட்டிங்குக்கு கம்ப்யூட்டர் வாங்குறீங்களா? முதல்ல கேமரா ஃபைலைப் பாருங்க

(திரையில்: எடிட்டிங் டைம்லைன். தாலி கட்டும் காட்சி விட்டு விட்டு ஓடுகிறது.)

வணக்கம். இந்த சிஸ்டத்துல ஐ5-13400எஃப் ப்ராசஸர், ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 32 ஜிபி ரேம். கேம் போட்டா பறக்கும். ஆனா கல்யாண ஃபுட்டேஜைப் போட்டதும் கெட்டிமேளம் அது பாட்டுக்குக் கேக்குது, மாப்பிள்ளை கை அப்படியே நிக்குது. காசு கம்மியா போட்டதால இல்லைங்க, தப்பான இடத்துல போட்டதால.

4கே-ல ஒரு ஃப்ரேமுக்கு கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்சல். செகண்டுக்கு 25 ஃப்ரேம். சுருக்காம எழுதினா செகண்டுக்கு 600 எம்பிக்கு மேல போயிடும். கேமரா அதை 12, 13 எம்பிக்குள்ள அடக்குது. எப்படி?

(திரையில்: மொய் நோட்டின் ஒரு பக்கம்.)

மொய் நோட்டு எழுதுறதைப் பார்த்திருப்பீங்க. முதல் வரியில ஊர் பேர் முழுசா இருக்கும். அடுத்த ஆளும் அதே ஊர்னா 'மேற்படி'. எச்.264, எச்.265-ங்கிற வீடியோ சுருக்குற முறைகள் செய்யறதும் இதுதான். ஒரு ஃப்ரேமை முழுசா வச்சுக்கும், அடுத்து வர்ற ஃப்ரேம்கள்ல மாறினதை மட்டும் எழுதும். மண்டபத்து அலங்காரம் அசையலையா? மேற்படி.

இடம் மிச்சம்தான். ஆனா நாப்பதாவது வரியில இருக்கறவர் எந்த ஊர்னு தெரியணும்னா மேல போய் தேடணும். நீங்க டைம்லைன்ல எங்கயாவது கிளிக் பண்றப்போ கம்ப்யூட்டர் படுற பாடு அதுதான்.

இந்தப் படிக்கிற வேலைக்குன்னே சிப்புக்குள்ள தனியா ஒரு சர்க்யூட் இருக்கு, டீகோடர்னு பேரு. கேம் ஓட்டுற பலத்துக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. உங்க கேமரா எழுதுற எழுத்து அதுக்குத் தெரியுமா தெரியாதாங்கிறதுதான் கேள்வி.

இப்போ வர்ற கேமராக்கள் நிறைய 10 பிட் 4:2:2-ல எழுதுது. 10 பிட்னா நிறத்துல நுணுக்கமான படிகள் ஜாஸ்தி. பழைய 4:2:0-ல நாலு பிக்சலுக்குச் சேர்த்து ஒரே நிறத் தகவல். 4:2:2-ல ரெண்டு பிக்சலுக்கு ஒண்ணு. கலர் கிரேடிங்குக்கு, அதாவது பின்னாடி நிறத்தைத் திருத்துறதுக்கு, அருமை. ஆனா நம்ம 4060 இருக்குற ஆர்டிஎக்ஸ் 40 சீரிஸுக்கு இந்த 4:2:2 படிக்கத் தெரியாது. 2025-ல வந்த 50 சீரிஸுக்குத்தான் தெரியும். இன்டெல் ப்ராசஸர்லயே இருக்குற கிராபிக்ஸ், 12-வது தலைமுறையில இருந்து எடுத்துக்கிட்டா, எச்.265 4:2:2-வை நல்லாவே படிக்கும். ஆனா நம்ம சிஸ்டத்துல பேருக்குக் கடைசியில ஒரு 'எஃப்' இருக்கு பாருங்க, அதுக்கு அர்த்தமே உள்ள கிராபிக்ஸ் இல்லைங்கிறதுதான். 'தனி கார்டுதான் இருக்கே, எஃப் போதும், காசு மிச்சம்'னு கடையில சொல்லுவாங்க. கேமுக்கு அது சரியான பேச்சு. நமக்கு அந்த மிச்சம்தான் நஷ்டம்.

ஆப்பிள் எம் சீரிஸ் சிப்புகளும் 4:2:2 படிக்கும். 2024 கடைசியில வந்த எம்4 மேக் மினி, 16 ஜிபி ரேமோட 59,900 ரூபாய்க்கு அறிமுகமாச்சு. வேலைக்கு நல்ல பெட்டிதான். ஆனா ரேமை பின்னாடி ஏத்தவே முடியாது, உள்ள இருக்குற 256 ஜிபி ஒரு முகூர்த்தத்துக்கே பத்தாது.

கணக்குப் போடுங்க. செகண்டுக்கு 100 மெகாபிட்ல, அதாவது 12.5 எம்பில, எடுத்தா மணிக்கு 45 ஜிபி. மூணு கேமரா, ஆளுக்கு ஆறு மணி நேரம்னா 810 ஜிபி. அதுக்காக செகண்டுக்கு 7,000 எம்பி ஓடுற எஸ்எஸ்டி எல்லாம் வேண்டாம். 550 எம்பி ஓடுற சாதா சாட்டா எஸ்எஸ்டி தாராளம். மிச்சக் காசுல பேக்கப்புக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்குங்க. தாலி கட்டுறதை ரீடேக் எடுக்க முடியாது.

போட்டோ மட்டும் பார்க்கறவங்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. போட்டோ எடிட் பண்ற லைட்ரூம் சாஃப்ட்வேர்ல 2023-ல வந்த ஏஐ டீநாய்ஸ் (படத்துல இருக்குற புள்ளிப் புள்ளி நாய்ஸை எடுக்குற வசதி) கிராபிக்ஸ் கார்டை நம்பி ஓடுது, அதனால கார்டு இருக்கட்டும். அதைவிட முக்கியம் டிஸ்ப்ளே. விலை கம்மி லேப்டாப்கள்ல '45 சதவீதம் என்டிஎஸ்சி'னு பொடி எழுத்துல போட்டிருப்பாங்க. என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி ரெண்டுமே நிற வரம்பை அளக்குற அளவுகோல். எஸ்ஆர்ஜிபி நிறங்கள்ல சுமார் 60 சதவீதம்தான் அதுல தெரியும்னு அர்த்தம். அதுல பார்த்து அரக்குப் பட்டுக்குக் கலரை ஏத்துவீங்க, ஆல்பம் பிரிண்ட்ல அது ரத்தச் சிவப்பா வந்து நிக்கும். பொண்ணோட அம்மாவுக்கு யார் பதில் சொல்றது?

எஃப் சிப்பை ஏற்கனவே வாங்கிட்டீங்களா? ப்ராக்ஸி போடுங்க, அதாவது எடிட் பண்றதுக்குன்னு ஒரு லேசான நகல். ஃபுட்டேஜை 1080பி-ல ப்ரோரெஸ், இல்லைன்னா டிஎன்எக்ஸ்எச்ஆர்ங்கிற எடிட்டிங் ஃபார்மேட்டுக்கு மாத்திக்கிட்டு அதுல எடிட் பண்ணலாம், கடைசி ரெண்டருக்கு ஒரிஜினல் வந்துடும். இந்த ரெண்டும் எல்லா வரியிலயும் ஊர் பேரை முழுசா எழுதின நோட்டு. தடிமன் ஜாஸ்தி, படிக்க சுலபம்.

இன்னும் வாங்கலைன்னா, இன்னைக்கே மீடியாஇன்ஃபோங்கிற இலவச சாஃப்ட்வேர்ல உங்க கிளிப் ஒண்ணைத் திறந்து பாருங்க. 8 பிட், 4:2:0-ன்னு வந்தா சில வருஷம் பழைய சிஸ்டமே போதும், காசை லென்ஸுக்கு வச்சுக்கோங்க. 4:2:2-ன்னு வந்தா, ரிச்சி ஸ்ட்ரீட்டோ உங்க ஊர் கடையோ, அந்தக் கிளிப்பை பென் டிரைவ்ல எடுத்துட்டுப் போங்க. எடிட்டிங் சாஃப்ட்வேர் போட்ட டெமோ சிஸ்டத்துல டைம்லைன்ல வச்சு, 'ஜே' கீயைத் தட்டி பின்னோக்கி ஓட்டச் சொல்லுங்க. மொய் நோட்டைக் கீழிருந்து மேல படிக்கிற வேலை அது. அதுல சிக்காம ஓடினா பில் போடச் சொல்லுங்க.