14-ஆவது இடம்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மலையிலிருந்து கல்லூரிக்கு வரும் பழங்குடி மாணவரை முதலில் மறிப்பது நுழைவுத்தேர்வு அல்ல, இனச்சான்றிதழ். தமிழ்நாட்டில் அதைத் தருபவர் வட்டாட்சியர் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். பிளஸ் டூ முடிவு வந்த பின் ஓடினால் கலந்தாய்வுக்குள் கைக்கு வந்து சேராது. பத்தாம் வகுப்பிலேயே விண்ணப்பியுங்கள்.

அரசின் பழங்குடியினர் பட்டியலில் இருப்பது ‘காட்டுநாயக்கன்’. பள்ளியில் சேர்க்கும்போது மரியாதைக்காக ‘காட்டுநாயக்கர்’ என்று எழுதிவிடுவார்கள். அந்த ஓர் எழுத்தில் கோப்பு நின்றுவிடும். பொய்ச் சான்றிதழ் வாங்கியவர்களால் வந்த சந்தேகம் இது. அதற்கான விலையைக் கொடுப்பது உண்மையான காட்டுநாயக்கர் வீட்டுப் பிள்ளை.

இன்னொரு கொடுமையும் உண்டு. ‘மலையாளி’ (கேரளத்தவர் அல்லர், தமிழ்நாட்டு மலைகளில் வாழும் ஒரு பழங்குடி) என்ற பெயருக்குப் பட்டியலிலேயே மாவட்ட வரம்பு இருக்கிறது: தருமபுரி, வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி. பர்கூர் மலையும் கடம்பூர் மலையும் இருக்கும் ஈரோடு அதில் இல்லை. கோட்டாட்சியர் மனம் வைத்தாலும் இதை மாற்ற முடியாது. பட்டியலை உள்ளபடியே படிக்க வேண்டும் என்று 2000-இல் மிலிந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அரசியல் சாசனத்தின் 342-ஆவது பிரிவின்படி, பட்டியலைத் திருத்த நாடாளுமன்றத்தால் மட்டுமே முடியும். நரிக்குறவர்கள் 2023-இல் பட்டியலுக்குள் வந்தது அந்த வழியில்தான். படிப்பு வேறு, அரசியல் வேறு என்று ஒதுங்கி நிற்க நமக்கு வாய்ப்பே இல்லை.

முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் கதை இதுதான். மத்தியப் பல்கலைக்கழகங்களில் பழங்குடியினருக்கு 7.5 விழுக்காடு. நூறை 7.5-ஆல் வகுத்தால் 13.33. அதனால் பணியிடச் சுழற்சியில், அதாவது எத்தனையாவது நியமனம் எந்தப் பிரிவுக்கு என்று குறிக்கும் வரிசையில், நமக்கான முதல் இடம் 14-ஆவது. பட்டியல் சாதியினருக்கு 7-ஆவது, இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 4-ஆவது. இந்த வரிசையை எண்ணப் பல்கலைக்கழகம் முழுவதையும் ஓர் அலகாக எடுத்தால் 14 சீக்கிரம் வந்துவிடும். ஒவ்வொரு துறையையும் தனி அலகாக்கினால்? ஆறு பேராசிரியர்கள் உள்ள மானுடவியல் துறையில் 14-ஆவது நியமனம் வர ஒரு தலைமுறை ஆகும். நம்மைப் பற்றியே ஆராய்கிற துறை அது!

2017-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் துறையே அலகு என்றது. 2018 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு அதை எல்லோருக்கும் உத்தரவாக்கியது. ஆசிரியர்களும் மாணவர்களும் தெருவுக்கு வந்தார்கள். 2019 மார்ச்சில் அவசரச் சட்டம், ஜூலையில் நிரந்தரச் சட்டம். பல்கலைக்கழகம் மீண்டும் அலகானது. இந்தக் கணக்கை விளக்கத் தெரிந்தவர்கள் போராட்டத்தில் இருந்ததால்தான் இது நடந்தது என்பது என் திடமான கருத்து. தமிழ்நாட்டில் நமக்கு 1 விழுக்காடுதான்: 200 இடச் சுழற்சியில் 2. இங்கே இந்தக் கணக்கு இன்னும் இறுக்கமானது.

படிப்பையும் அரசியலையும் சேர்த்துப் பிடித்தவருக்கு ஓர் எடுத்துக்காட்டு: ஜார்க்கண்ட் பழங்குடி அறிஞர் ராம் தயாள் முண்டா. சிகாகோவில் மொழியியல் முனைவரானவர், மின்னசோட்டாவில் கற்பித்தவர். ஊர் திரும்பி ராஞ்சிப் பல்கலைக்கழகத்தில் பழங்குடி மொழிகளுக்கான துறையைக் கட்டினார். அங்கேயே துணைவேந்தரானார், ஜார்க்கண்ட் மாநிலக் கோரிக்கைக்கு அறிவுத்துணையாக நின்றார், 2010-இல் மாநிலங்களவைக்குப் போனார்.

எல்லோரும் மாநிலங்களவைக்குப் போக வேண்டியதில்லை. காட்டில் வாழ்வோருக்கு அந்த நிலத்திலும் வன வளத்திலும் உரிமை தரும் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் ஊரிலேயே வேலை இருக்கிறது. உரிமை மனுக்களை வாங்கிச் சரிபார்க்கும் வன உரிமைக் குழுவுக்கு 10 முதல் 15 பேர். மூன்றில் இரண்டு பங்கு பழங்குடியினர், மூன்றில் ஒரு பங்கு பெண்கள். கிராம சபையில் பாதிப்பேர் இருந்தால்தான் தீர்மானம் செல்லும். ஊராட்சி முழுவதற்கும் ஒரே கூட்டம் போட்டால் பாதிப்பேர் வந்து சேரமாட்டார்கள், தீர்மானம் விழுந்துவிடும். அதனால் குடியிருப்பு வாரியாகக் கூட்டுங்கள், சட்டம் அனுமதிக்கிறது.

உரிமை கேட்கத் தனிநபருக்குப் படிவம் அ, சமூக உரிமைக்கு ஆ, ஊரே காத்துவரும் காட்டுக்கு, அதாவது சமூக வன வளத்துக்கு, இ. ஒவ்வொன்றுக்கும் குறைந்தது இரண்டு சான்றுகள் வேண்டும். பட்டா இல்லையே என்று தயங்க வேண்டாம். மனுதாரர் அல்லாத ஒரு மூத்தவரின் வாக்குமூலமும், எழுத்தில் இருந்தால், சான்றுதான். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நோட்டு ஒன்றை எடுத்துப் போங்கள். எந்த ஓடை, எந்தப் பாறை, எந்தச் சுடுகாடு, யார் காலத்திலிருந்து என்று மூத்தவரிடம் கேட்டு, அவர் சொன்ன சொல்லிலேயே எழுதி, கையெழுத்தோ கைரேகையோ வாங்கி, தேதி போடுங்கள்.