சுடலே என்றொரு மராட்டிப் பெயர்

(மும்பை தாராவியில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். என் ஆதார் அட்டையில் குடும்பப் பெயர் 'சுடலே'. எந்த ஆபீசுக்குப் போனாலும், "சாத்தாராவா, கோலாப்பூரா?" என்று மராட்டியில் விசாரிப்பார்கள்.

ஊர்ப்பக்கம் அப்பா பெயரின் முதலெழுத்தைப் போட்டால் முடிந்தது. இங்கே பள்ளிக்கூடப் படிவத்தில் மூன்று கட்டம். என் பெயர், அப்பா பெயர், மூன்றாவதாக ஆட்நாவ், அதாவது குடும்பப் பெயர். அப்படி ஒன்று நமக்கு ஏது? கொஞ்சம் முழித்த அப்பா, தாத்தா பெயரைச் சொன்னார்: சுடலை. எழுதியவர் காதில் அது சுடலே. கோகலே, போஸ்லே வரிசையில் நாங்களும் சேர்ந்துவிட்டோம்.

சரி, சொந்த ஊர் எது? தாத்தாவின் ஒரே காகிதத்தில் 'திருநெல்வேலி ஜில்லா' என்று மட்டும் இருக்கிறது. உங்கள் வீட்டிலும் அப்படியொரு காகிதம் இருந்தால் உடனே நெல்லை பஸ்ஸில் ஏறிவிடாதீர்கள். 1910க்கு முந்தியது என்றால் சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்கூட அந்த ஜில்லாதான். 1986இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019இல் தென்காசி.

அப்புறம்தான் உறைத்தது, பெயரே ஒரு முகவரி என்று. சுடலைமாடன் தெற்கத்திச் சாமி. ஆனால் அங்கே ஊருக்கு ஊர் சுடலை உண்டே, நம் சுடலை எது?

அத்தையிடம் கேட்டேன். "ஏல, உங்க தாத்தா ஊர்ப் பேரா சொன்னாவ? பிடிமண் எடுத்த கோயில்னுதான் சொல்லுவாவ" என்றாள். இடம்பெயர்கிறவர்கள் தாய்க்கோயிலில் ஒரு பிடி மண் எடுத்துப்போய், போன இடத்தில் பீடம் போடுவார்கள். தாத்தாவும் எடுத்து வந்திருக்கிறார். பத்துக்குப் பத்து அறையில் பீடத்துக்கு எங்கே இடம்? மண் டப்பாவிலேயே தங்கிவிட்டது.

பரணில் இருந்து அத்தை அதை இறக்கினாள். துருப்பிடித்த பவுடர் டப்பா, உள்ளே மஞ்சள் துணி முடிச்சு. அவிழ்த்தால் கரிசல் இல்லை, ஆற்று வண்டலும் இல்லை. குங்குமம் மாதிரிச் சிவந்த, விரலில் ஒட்டாத மணல். தேரி மணல்!

செம்மணல் மேடுகள் நிறைந்த தேரிக்காடு என்றால் சாத்தான்குளம், திசையன்விளை வட்டாரம். முன்னது இன்று தூத்துக்குடி மாவட்டம், பின்னது திருநெல்வேலி. எந்தப் பக்கம் என்று இன்னும் பிடிபடவில்லை. வருகிற கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகிறேன். டப்பாவும் கூட வருகிறது.