கோளாறு என்ன என்று யார் சொல்வது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டுப் பழுது பார்க்க ஆள் கூப்பிடும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். கட்டட வேலைகளை நெடுங்காலம் மேற்பார்வை பார்த்தவன் என்பதால் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. கடிகாரம் எவ்வளவு விடும் என்று பார்ப்போம்.

கூப்பிடாமலே வாசலில் வந்து நிற்பவரைப் பற்றி முதலில். "பக்கத்தில்தான் வேலை நடக்குது, கொஞ்சம் பொருள் மிச்சம் இருக்கு, உங்க கூரையில விரிசல் தெரியுது, இன்னைக்கே முடிச்சா பாதி விலை." எங்கே போனாலும் இதே வசனம்தான். இதில் விரிசலை விடுங்கள், அந்த 'இன்னைக்கே' என்பதைக் கவனியுங்கள். நாளைக்கு நீங்கள் இன்னொருவரிடம் விலை கேட்டுவிடுவீர்கள் என்பதுதான் அந்த அவசரத்துக்குக் காரணம். குழாய் உடைந்து தண்ணீர் கொட்டினால் அது நிஜமான அவசரம். அப்போதுகூட மெயின் வால்வை மூடிவிட்டால் நாலு பேரை விசாரிக்க நேரம் கிடைத்துவிடும். குடும்பத்தில் எல்லோருக்கும் அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியுமா? இன்றைக்கே காட்டிவிடுங்கள்.

அவரைத் தனியாகக் கூரை மேல் ஏற விடாதீர்கள். ஏறியவரே ஓடு ஒன்றை உடைத்துவிட்டு இறங்கி வந்து காட்டுவது பழைய வித்தை. வேறு வீட்டுக் கூரையைச் செல்போனில் காட்டுவது புது வித்தை.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் ஒருவரின் படுக்கையறையில் பீரோவுக்குப் பின்னால் சுவரெல்லாம் கறுப்பாகப் பூஞ்சை. பார்க்க வந்த ஒப்பந்தக்காரர் சுவரில் கை வைத்தார். "சுவர் நல்லா தண்ணி குடிச்சிருக்கு சார். பூச்சு எல்லாத்தையும் கொத்தி எடுத்துட்டு, கெமிக்கல் அடிச்சு, புதுசா பூசணும்" என்றார். பாதிப் பணம் முன்பணம். நண்பர் என்னைக் கூப்பிட்டார். நான் சமையலறையிலிருந்து அலுமினியத் தாள் கேட்டேன். "சப்பாத்தி சுற்றவா?" என்று சிரித்தார்.

சுவரைத் துணியால் நன்றாகத் துடைத்து, ஒரு அடி நீள அகலத்துக்கு அந்தத் தாளை வைத்து, நாலு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி, இரண்டு நாள் விட்டோம். பிறகு பார்த்தால் தாளின் வெளிப்பக்கம், அதாவது அறையைப் பார்த்த பக்கம், பொட்டுப் பொட்டாக நீர் முத்து. பிரித்தோம். சுவரைத் தொட்டிருந்த பக்கம் காய்ந்து கிடந்தது. சுவருக்குள்ளிருந்து ஈரம் வந்திருந்தால் உள்பக்கம் அல்லவா நனைந்திருக்க வேண்டும்? ஈரம் அறைக் காற்றில் இருந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டு அதே அறையில் துணி காயப் போடுகிறார்கள். அந்த ஈரக் காற்று குளிர்ந்த சுவரில் பட்டுத் தண்ணீராகிறது. பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தார், துணியை வெளியே காயப் போட்டார், ஜன்னலைத் திறந்தார். பூஞ்சையைத் துடைத்ததோடு சரி, மறுபடி வரவில்லை.

அந்த ஒப்பந்தக்காரர் திருடர் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்குப் பூச்சு வேலை தெரியும், அதனால் எந்தச் சுவரைப் பார்த்தாலும் பூச்சு வேலைதான் தெரிகிறது. கோளாறு என்ன என்று சொல்பவரும், அதைச் சரிசெய்து காசு வாங்குபவரும் ஒரே ஆளாக இருந்தால் இந்தச் சங்கடம் தீராது. இன்னொரு முறை சொல்கிறேன், இரண்டும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. அந்த வேலையைச் செய்யப் போகாத ஒருவருக்குத் தனியாக ஒரு கட்டணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காசு வீண்போகாது.

பூமிக்கடியில் குழாய் ஒழுகுகிறது, தரையை உடைக்க வேண்டும் என்கிறார்களா? எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்து வையுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் எண் நகரவில்லை என்றால், தரையை உடைப்பதற்கு முன் கேள்வி கேளுங்கள். அதேபோல, குளியலறைத் தரைக்கு வாட்டர் புரூஃபிங் போட்டு அது காய்ந்ததும், டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் வடிகாலை அடைத்து 24 மணி நேரமாவது தண்ணீரைத் தேக்கி வைக்கச் சொல்லுங்கள். கீழே கசிகிறதா என்று நீங்களே போய்ப் பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு கசிவு தெரிந்தால், டைல்ஸை உடைத்துத்தான் சரிசெய்ய வேண்டும். "அதெல்லாம் தேவையில்லைங்க" என்பவரிடம் டைல்ஸ் வேலையையும் கொடுக்காதீர்கள்.

பணம் எப்போதும் வேலைக்கு ஓரடி பின்னால்தான் வர வேண்டும். பொருள் வாங்கத்தான் முன்பணம் என்றால், கடைக்கு நீங்களே நேரடியாகக் கொடுத்து, பில்லை உங்கள் பெயரில் வாங்குங்கள். பழையதை இடித்ததும் ஒரு பங்கு, குழாய் வேலை முடிந்ததும் ஒரு பங்கு, இப்படிப் பிரித்துக் கொடுங்கள். இடித்துப் போட்டுவிட்டு ஆள் வராமல் போவது நடக்கிறது. முழுப் பணமும் கைக்குப் போன பிறகுதான் அது அதிகம் நடக்கிறது.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சைகை காட்டுகிறார்கள். எழுத்து ஒப்பந்தம் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: என்ன வேலை, எந்தப் பொருள், பெயின்ட் எத்தனை கோட், இடிபாட்டை யார் அள்ளுவது, எந்தத் தேதியில் முடிப்பது, இத்தனையும் தாளில் இருக்கட்டும். நடுவில் "கூடுதல் வேலை" என்றால், விலையை எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகே தொடங்கட்டும். கடைசித் தவணையை எவ்வளவு காலம் நிறுத்தி வைக்கலாம் என்று... சரி, மணி அடித்துவிட்டார்கள். வணக்கம்.