முதலில் தண்ணீர் வரத்தை அடைத்துவிடுங்கள்

வணக்கம் நேயர்களே. நம் செட்டிநாட்டில் குடிக்கிற ஊருணியில் யாராவது கால் நனைத்தால் ஆச்சிமார் சும்மா விடமாட்டார்கள். சாக்கடைத் தண்ணீரைத் தேக்கிப் பாசனத்துக்கு எடுக்கும்போது மட்டும் அந்தக் கண்டிப்பு எங்கே போகிறது என்பதுதான் என் ஆதங்கம்.

காரைக்குடிக்கு வெளியே ஒரு கீரைத்தோட்டம், பக்கத்தில் பெரிய குட்டை. "ரெண்டு மாசமாக் கிடக்குற தண்ணி சார், கிருமியெல்லாம் எப்பவோ செத்திருக்கும்" என்றார் தோட்டக்காரர். அவர் சொன்னதில் பாதி சரி. வெயில் கிருமியைக் கொல்லும். பாசி பகலில் கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் தண்ணீரின் காரத்தன்மை ஏறும், அதைக் காட்டும் பி.எச். அளவு 9-ஐத் தாண்டினால் மலக்கிருமிகள் தாங்காது. அதோடு பாசி விடுகிற ஆக்சிஜனும் வெயிலும் சேர்ந்தால் அவை இன்னும் சீக்கிரம் சாகும்.

சரி, மீதிப் பாதி? குட்டையைச் சுற்றி வந்து பார்த்தேன். ஒரு மூலையில் சாம்பல் நிறத்தில் சாக்கடை விழுந்துகொண்டே இருக்கிறது, மோட்டாரின் புட் வால்வோ, அதாவது தண்ணீரை உறிஞ்சும் குழாயின் அடிமுனையோ, அதற்கு நாலு முழம் தள்ளித்தான் கிடக்கிறது! ரெண்டு மாதத் தண்ணீர் நடுவில் சும்மா கிடக்க, காலையில் வந்த சாக்கடை சாயந்திரம் கீரைக்குப் போகிறது.

ஒரு குடம் பாலுக்கு ஒரு துளி விஷம் என்பார்களே, அதே கணக்குதான். 100 மில்லி சாக்கடையில் மலக்கிருமி 1 கோடி என்று வையுங்கள். பழைய தண்ணீர் முழுக்கச் சுத்தமாகியிருந்தாலும், அதில் நூற்றில் ஒரு பங்கு புதுசு கலந்தால் 100 மில்லிக்கு 1 லட்சம் வந்துவிடும். பச்சையாகத் தின்னும் காய்கறிப் பாசனத்துக்கு உலக சுகாதார நிறுவனம் 1989-இல் வைத்த வரம்பு 1,000. நூறு மடங்கு கூட! எத்தனை மாதம் தேக்கினோம் என்பதைவிட, கடைசியாகப் புதுத் தண்ணீர் எப்போது விழுந்தது என்பதுதான் முக்கியம்.

அதனால் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், புதுத் தண்ணீர் வரத்தை அடைத்துவிடுங்கள். ஒரு குட்டையை ரெண்டாகவோ மூன்றாகவோ பிரியுங்கள். ஒன்று நிரம்பட்டும், நிரம்பியது அடைபட்டு வெயிலில் கிடக்கட்டும், சோதனையில் தேறியதிலிருந்து மட்டும் எடுங்கள். இஸ்ரேலில் மழைக்காலக் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தேக்கிவைத்துக் கோடையில் பாய்ச்சுகிறவர்களும் இப்படி மாற்றி மாற்றி நிரப்பும் முறையைக் கையாண்டிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு என்ன குறைச்சல்?

அப்புறம் குடற்புழு முட்டை பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், நேரமாகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். அது வெயிலுக்கு லேசில் சாகாது, அடியில் இறங்கி வண்டலில் வருஷக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். புட் வால்வைத் தரையில் போடாமல் மிதவையில் கட்டித் தொங்கவிடுங்கள், குட்டை தூர்வாரிய வண்டலை அப்படியே கீரைப் பாத்தியில் கொட்டாதீர்கள். நன்றி, வணக்கம்.