பூட்டிய வீடும் பேய்ப்படமும்

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, நம் மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, சிவன் கோயில் காரியக்காரர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, இடமில்லாமல் திண்ணை ஓரம் நிற்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைவர் அவர்களுக்கு முதலில் ஒரு நன்றி சொல்ல வேண்டும். நூலக ஆண்டு விழாவில் சினிமாவைப் பற்றிப் பேசலாமா என்று நான் தயங்கியபோது, “தாராளமாகப் பேசுங்கள், புத்தகமும் கதைதான், படமும் கதைதான்” என்றார். தலைமையாசிரியர் அம்மா பள்ளிக்கூடத்து புரொஜெக்டரைத் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது எதற்கு என்று பின்னால் சொல்கிறேன். காரியக்காரர் அண்ணன் காலையிலிருந்து நாற்காலி எண்ணிப் போட்டுக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். கூட்டம் முடிந்ததும் கந்தரப்பமும் பால்பணியாரமும் செய்து வைத்திருக்கும் ஆச்சிமார்களுக்கு இப்போதே நன்றி சொல்லிவிடுகிறேன். அப்புறம் வாயில் பணியாரம் இருக்கும், சொல்ல முடியாது.

கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939-ல் கம்பன் விழாவைத் தொடங்கி, மேடைப் பேச்சுக்கு மணி தவறாத ஒழுங்கைக் கற்றுக்கொடுத்த செட்டிநாட்டு வட்டாரம் இது. எனக்கும் முப்பது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் படங்களில் ஐந்து வகையைப் பற்றிச் சொல்லலாம் என்று குறித்துக்கொண்டு வந்தேன்: பேய்ப்படம், துப்பறியும் படம், வாள்சண்டைப் படம், கௌபாய் படம், விண்வெளிப் படம். ஐந்திலும் எனக்குப் பிடித்தது எது, பிடிக்காதது எது என்று சொல்வேன். ஆனால் எதைத் தொட்டாலும் ஒரு பழமொழியில் வந்து நிற்பேன். வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைப் பண்ணிப் பார்.

சினிமா நமக்கு அந்நியம் இல்லை. ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1940-களில் காரைக்குடி தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தினார். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். அப்புறம்தான் அவர் சென்னைக்குப் போனார். ஜப்பானில் குரோசாவா 1950-ல் ‘ராஷோமோன்’ எடுத்தார். ஒரு சாவு நடந்திருக்கிறது, அதை நாலு பேர் நாலு விதமாகச் சொல்கிறார்கள். நான்கே வருஷத்தில் ஏவி.எம்.மில் எஸ். பாலசந்தர் ‘அந்த நாள்’ எடுத்தார். அதிலும் ஒரு கொலை, ஆளுக்கொரு கணக்கு, ஒரு பாட்டுகூடக் கிடையாது. துப்பறியும் படம் என்றால் எனக்கு இந்த இரண்டும் போதும். வாள்சண்டைக்கும் கௌபாய்க்கும் உள்ள உறவையும் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். குரோசாவா 1961-ல் எடுத்த ‘யோஜிம்போ’வின் கதையை இத்தாலிக்காரர் செர்ஜியோ லியோனே கேட்காமல் எடுத்து, 1964-ல் கௌபாய் படமாக விட்டார். வழக்கு வந்தது, சமரசமாக முடிந்தது. இரண்டும் எனக்குப் பிடிக்கும். வாள் பிடித்தவர் நடையில் இருக்கும் அலட்சியம் துப்பாக்கி பிடித்தவரிடம் கொஞ்சம் குறைவு.

சரி, பேய்ப்படத்துக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

1985 என்று நினைவு. எங்கள் பெரிய வீட்டில் முன்னோர்களுக்குப் படைப்பு. பங்காளிகள் பதினாறு புள்ளியும், அதாவது பதினாறு குடும்பமும் வந்திருந்தார்கள். சென்னை, கோயம்புத்தூர், பினாங்கு என்று எங்கெங்கோ இருந்தவர்கள் வந்ததில், வருஷம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டில் நூறு பேர். பிள்ளைகளுக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. பினாங்கிலிருந்து வந்த சித்தப்பா பெட்டியில் வீடியோ கேசட் வைத்திருந்தார். காரைக்குடிக்கு ஆள் அனுப்பி, வாடகைக்கு டிவியும் டெக்கும் எடுத்து வரச் சொன்னார். டிவி மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் உட்கார்ந்து வந்தது. உள்முற்றமான வளவு நடுவில் முக்காலி போட்டு அதை வைத்தார்கள். சுற்றிலும் பாய். தூணுக்குத் தூண் ஒரு பிள்ளை சாய்ந்துகொண்டது. கேசட்டில் இருந்த படம் ‘ஈவில் டெட்’.

அமெரிக்காவில் சாம் ரைமி என்ற இளைஞர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, காட்டுக்குள் கைவிட்ட ஒரு மரவீட்டில், கையில் காசில்லாமல் எடுத்த படம் அது. கேமராவை ஒரு பலகையில் கட்டி, இரண்டு முனையையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். பேய் காட்டுக்குள் பாய்ந்து வருவது போல நமக்குத் தெரிவது அந்த ஓட்டம்தான். படத்தின் ஆரம்பத்தில் ஐந்து பேர் காரில் வந்து இறங்குவார்கள். வாசல் தாழ்வாரத்தில் ஊஞ்சல் பலகை தானாக ஆடும். ஆடி ஆடிச் சுவரில் இடிக்கும். டொக்கு, டொக்கு. ஒருத்தன் நிலைக்கு மேலே கையை விட்டுத் துழாவிச் சாவியை எடுப்பான். அவன் கை சாவியில் பட்டதும் ஊஞ்சல் சட்டென்று நிற்கும்.

எங்கள் அப்பத்தா பட்டாலையில் படுத்திருந்தார்கள். தூங்குகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். சாவி எடுக்கும் இடத்தில் அங்கிருந்தே குரல் வந்தது: “அந்த வீட்டுல ஆரும் இல்லையா?”

“இல்லை அப்பத்தா, பூட்டிக் கிடந்த வீடு.”

“எத்தனை வருஷமா?”

யாருக்குத் தெரியும்? சித்தப்பா வாய்க்கு வந்தபடி “பத்து வருஷம் இருக்கும் ஆத்தா” என்றார். அப்பத்தா எழுந்து உட்கார்ந்தார்கள். கொண்டையை முடிந்துகொண்டு, கைத்தடியை ஊன்றி வளவுக்கு இறங்கி வந்து, எங்களை விலக்கிக்கொண்டு டிவிக்கு நேர் எதிரே உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு படத்தில் நடந்த எதற்கும் அவர்கள் அசையவில்லை. பிள்ளைகள் அலறுகிறோம். சின்ன அயித்தை வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்கள். நிலவறைக் கதவு தூக்கிக்கொண்டு திறக்கிறது, கண் வெளுத்த பெண் எட்டிப் பார்க்கிறாள். அப்பத்தா கன்னத்தில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்கள். படம் முடிந்தது. டெக் கேசட்டைத் துப்பியது. வளவில் சத்தமே இல்லை. அப்பத்தா சொன்னார்கள்: “பத்து வருஷமா ஒரு விளக்கு ஏத்தலை. கூட்டிப் பெருக்கலை. பேய் வராம என்னப்பா செய்யும்? அது மேல என்ன தப்பு?”

நாங்கள் சிரித்தோம். அப்பத்தா சிரிக்கவில்லை. சித்தப்பாவைப் பார்த்து, “நாளைக்குப் படைப்பு முடிஞ்சதும் இந்த வீட்டுச் சாவியை ஆரு வச்சிருக்கப் போறீக?” என்று கேட்டார்கள். பதினாறு புள்ளியும் அங்கேதான் இருந்தோம். பதில் வரவில்லை.

வீட்டைக் கட்டிப் பார் என்றார்கள். நம் ஐயாமார்கள் கட்டிப் பார்த்தார்கள். பர்மாத் தேக்கை இறக்கி, இத்தாலிப் பளிங்கை இறக்கி, ஆத்தங்குடிக் கல்லைப் பதித்து, முட்டை வெள்ளைக் கருவைச் சேர்த்து அரைத்த சுண்ணாம்பில் சுவரை இழைத்து, ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடிகிற வீடாகக் கட்டினார்கள். பூட்டிப் பார் என்று யாரும் சொல்லவில்லை.

அப்பத்தா கேட்ட கேள்வியோடுதான் அதற்கப்புறம் எந்த நாட்டுப் பேய்ப்படத்தையும் பார்க்கிறேன். ராபர்ட் வைஸ் 1963-ல் எடுத்த ‘தி ஹாண்டிங்’ படத்தில் பேயைக் கண்ணில் காட்டவே மாட்டார். ஒரு பெரிய கதவு, நம் முகப்புக் கதவு மாதிரி கனத்த மரக்கதவு, மூச்சு விடுகிற நெஞ்சு போல உள்வாங்கி உப்பும். அவ்வளவுதான். இன்றைக்கு வருகிற படங்களில் திடீரென்று சத்தத்தை ஏற்றித் தூக்கிவாரிப் போட வைக்கிறார்கள். அது பயமில்லை, பட்டாசு வெடித்தாலும் அப்படித்தான் துள்ளுவோம். ‘தி அதர்ஸ்’ 2001-ல் வந்தது. நிக்கோல் கிட்மன் கையில் ஒரு சாவிக்கொத்து. ஒரு கதவைப் பூட்டிய பிறகுதான் அடுத்ததைத் திறக்க வேண்டும் என்பது அந்த வீட்டுச் சட்டம். முடிவை நான் சொல்லக்கூடாது, பார்க்காதவர்கள் இருப்பீர்கள். சாவிக்கொத்தோடு வாழ்ந்த ஆச்சிமார்களுக்கு அந்தப் படம் சட்டென்று புரியும்.

ஜப்பானில் ஓபயாஷி என்பவர் 1977-ல் ‘ஹவுஸ்’ என்று ஒரு படம் எடுத்தார். பள்ளிக்கூடத்தில் படித்த தன் மகளிடம் எது உனக்குப் பயம் என்று கேட்டு, அவள் சொன்னதை எல்லாம் படத்தில் சேர்த்தார். பியானோ ஒரு பெண்ணைத் தின்னும். பார்த்தால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், வர்ணங்கள் கண்ணைக் குத்தும். பலருக்குப் பிடிக்காது. எனக்கு உயிர். ஏனென்றால் அந்த வீட்டில் இருப்பது ஒரு அத்தை. கல்யாணம் நிச்சயமானவன் யுத்தத்துக்குப் போனான், திரும்பவில்லை. அவள் காத்திருந்தாள். காத்திருந்து காத்திருந்து, அந்தக் காத்திருப்பே வீட்டின் பசியாகிவிட்டது.

ஆச்சிமார்களே, இது ஜப்பான் கதை மட்டுமா? மூன்று வருஷக் கணக்குக்கு ரங்கூனுக்குப் போனவர்களை எண்ணி இந்த வளவுகளில் எத்தனை பேர் காத்திருந்தார்கள்! 1942 மார்ச்சில் ஜப்பான் படை ரங்கூனைப் பிடித்தது. கப்பல் கிடைக்காதவர்கள் காட்டு வழியாக அஸ்ஸாம் பக்கம் நடந்தே வந்தார்கள். வழியில் விழுந்தவர்கள் கணக்கு யாரிடமும் இல்லை. அந்தப் படையை அனுப்பிய நாட்டிலும் ஒரு பெண் அப்படியே உட்கார்ந்து காத்திருந்தாள் என்று ஒரு பேய்ப்படம்தான் எனக்குச் சொன்னது.

அதே நாட்டின் மிசோகுச்சி 1953-ல் எடுத்த ‘உகெட்சு’வை மட்டும் நான் வருஷத்துக்கு ஒரு தடவை பார்ப்பேன். பணம் தேடிப் போன குயவன் நெடுநாள் கழித்து வீட்டுக்கு வருகிறான். இருட்டு. அடுப்பு அணைந்து கிடக்கிறது. பெண்டாட்டி பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கமாகச் சுற்றி வருகிறான். கேமரா வெட்டாமல் அவனோடு திரும்புகிறது. திரும்பி வந்தால், சற்று முன் காலியாக இருந்த அதே இடத்தில் அடுப்பு எரிகிறது, அவள் உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருக்கிறாள். விடிந்ததும்தான் அவனுக்குத் தெரியும், அவள் எப்போதோ செத்துப்போனாள் என்று. உலகத்தில் இதைவிட நல்ல பேய்ப்படம் நான் பார்க்கவில்லை. அவள் பயமுறுத்த வரவில்லை, அடுப்பு மூட்ட வந்தாள்.

கொரியாவின் ‘பாரசைட்’ 2019-ல் வந்து ஆஸ்கார் நான்கு வாங்கியது. அதில் வரும் பணக்கார வீடு நிஜ வீடு இல்லை, படத்துக்காகப் போட்ட செட். நடிகர்கள் எங்கே நிற்க வேண்டும், யார் யாருக்குத் தெரியாமல் ஒளிய வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். வீட்டைக் கட்டிப் பார் என்பது சினிமாக்காரர்களுக்கும் பொருந்தும். அவர்கள் ஒரு படத்துக்காக அவ்வளவு காசு கொட்டிக் கட்டுகிறார்கள். நாம் நிஜமாக நிற்பதை உடைத்து எடைக்குப் போடுகிறோம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காரைக்குடியில் பழம்பொருள் விற்கும் கடை ஒன்றில் நுழைந்தேன். எனாமல் தட்டுகள் அடுக்கடுக்காக, தேக்குத் தூண்கள் படுக்கைவாக்கில், சுவரில் சாத்திய ஒரு நிலையின் கஜலட்சுமி மேல் சாக்பீஸில் விலை. கீழே ஒரு பித்தளைத் தூக்கு. எடுத்துத் திருப்பினேன். விளிம்பில் புள்ளி புள்ளியாகப் பேர் வெட்டியிருந்தது. எங்கள் அப்பத்தாவின் பேர். பங்காளிகளில் யாரோ விற்றிருக்கிறார்கள். யார் என்று நான் விசாரிக்கவில்லை. கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன். அந்தத் தூக்குதான் இதோ, மேஜை மேல் இருக்கிறது.

ஜெர்மனியில் முர்னாவ் 1922-ல் ‘நோஸ்ஃபெராட்டு’ எடுத்தார். டிராகுலா கதையை உரிமை வாங்காமல் எடுத்தது என்று ஆசிரியரின் மனைவி வழக்குப் போட்டார். பிரதிகளை எல்லாம் அழிக்கச் சொல்லித் தீர்ப்பு. ஆனாலும் அங்கங்கே தங்கிய பிரதிகளால் படம் பிழைத்தது. நூறு வருஷம் கழித்து நான் இங்கே உட்கார்ந்து பார்க்கிறேன். படத்துக்கு இன்னொரு பிரதி இருக்கும். உங்கள் வீட்டுக்கு எங்கே இருக்கிறது இன்னொரு பிரதி?

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். விண்வெளிப் படத்துக்கு இன்று நேரமில்லை, மன்னிக்க வேண்டும். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். நம் ஊரில் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் மாதம் ஒன்றைத் திறப்போம். ஒரு நாள் முன்னதாகப் போய்க் கூட்டிப் பெருக்குவோம், விளக்கேற்றுவோம், ராத்திரி வளவில் ஒரு படம் போடுவோம். செலவு பெரிதில்லை. விற்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கும் பங்காளிகள், கையெழுத்துப் போடும் முன் ஒரே ஒரு ராத்திரி அந்த வளவில் ஊர்ப் பிள்ளைகளோடு உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள். அதற்குப் பிறகும் விற்பதானால் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

முதல் வீடு எங்கள் வீடு. பதினாறு புள்ளியில் பதினோரு பேர் சம்மதம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். மற்ற ஐந்து பேரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன். அடுத்த மாதம் மூன்றாவது சனிக்கிழமை, ராத்திரி ஏழு மணி. படம் ‘உகெட்சு’. தமிழில் நானே பக்கத்தில் நின்று வசனம் சொல்கிறேன். திரைக்கு எட்டு முழ வேட்டி இரண்டைச் சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். பாய் மட்டும் அவரவர் கொண்டு வாருங்கள். சாவி தரச் சம்மதிப்பவர்கள், கீழே இறங்கியதும் காரியக்காரர் அண்ணனிடம் பேர் கொடுங்கள், அவர் நோட்டோடு உட்கார்ந்திருக்கிறார்.

நன்றி, வணக்கம்.